திறப்பதே தொழில்

கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் எல்லோரும் சலிக்காமல் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: முகம் தெரியாதவர்கள் மெயிலில் அனுப்பும் இணைப்பைத் திறக்காதே. நல்ல புத்திமதிதான். ஆனால் அச்சகம் வைத்திருப்பவரிடம் இதைச் சொல்வது, பல் டாக்டரிடம் போய் யார் வாயிலும் கை வைக்காதே என்று சொல்வது மாதிரி. முகம் தெரியாதவர்கள் அனுப்புவதைத் திறப்பதுதான் அங்கே பிழைப்பே. விசிட்டிங் கார்டு, சோப்பு உறை, மருந்துக்கடை பில் புத்தகம், எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு இணைப்பாகத்தான் வந்து நிற்கும்.

அப்படி ஓர் அச்சகத்தை நடத்தியது அண்ணன். கல்லாவையும் வாடிக்கையாளர்களையும் பார்த்துக்கொண்டது அண்ணி. உள்ளறையில் பக்கம் வடிவமைப்பதும், கடையிலிருந்த கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பதும் தங்கையின் வேலை. வாடிக்கையாளர்கள்கூட அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். பின்கட்டில் அச்சு இயந்திரத்தை ஓட்டியவருக்குச் 'சத்தம்' என்று பெயர். இயந்திர இரைச்சலில் பேசிப் பேசி, அது நின்றிருக்கும்போதும் கத்தித்தான் பேசுவார். ரகசியம் எதையும் அவரிடம் சொல்ல முடியாது. அவர் பதில் சொன்னால் தெருமுனைக்குக் கேட்கும்.

வைரஸுக்குப் பயந்து தங்கை ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். உள்ளறை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குக் கடையின் மற்ற கம்ப்யூட்டர்களோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இணையத்துக்கே தனி வழி. வெளியிலிருந்து எது வந்தாலும் முதலில் அதில்தான் திறக்கவேண்டும். பார்த்து, பழுதில்லை என்றால், அதை வெறும் படமாக மாற்றி, அந்தப் படத்தை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ளவேண்டும்.

"படம்னா சும்மா சாயம்தான் அண்ணி. எந்த இடத்துல என்ன நிறம், அவ்வளவுதான் அதுக்குள்ள இருக்கும். வைரஸ்ங்கறது சாயம் இல்ல, கட்டளை. 'இதைச் செய், அதை அழி'ன்னு சொல்ற கட்டளை. புதுசா படம் எடுத்தோம்னா சாயம் மட்டும்தான் இந்தப் பக்கம் வரும். கட்டளை அந்தப் பக்கமே நின்னுடும்" என்று அவள் கண்கள் மின்ன விளக்கியிருக்கிறாள். யாராவது "எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு அண்ணி வைத்த பெயர் மாமியார். "எதுவா இருந்தாலும் முதல்ல அவங்க பார்த்துத் தலையாட்டணும். அதுக்கப்புறம்தான் வீட்டுக்குள்ள வரலாம். அதுவும் மெதுவாத்தான் தலையாட்டுவாங்க." பெயர் நிலைத்துவிட்டது.

அன்று காலை தங்கை உள்ளறையில் தலை நிமிராமல் இருந்தாள். கையில் இருந்தது காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கான சைகை அகராதி. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதற்கான கை அசைவின் புகைப்படங்கள், விரல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்குச் சின்ன அம்புக்குறிகள். அந்தப் பள்ளியின் டீச்சர் ஒருத்தி பள்ளி முடிந்த மாலைகளையெல்லாம் செலவழித்துப் பிள்ளைகளின் கைகளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். தங்கை மாதக்கணக்கில் பக்கம் பக்கமாகக் கட்டினாள். பள்ளி திறக்கும் நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரதி என்பது பேச்சு. மத்தியானம் டீச்சர் வந்து கடைசியாகப் பார்த்து 'சரி' என்றால், மறுநாள் தகடு எடுத்து அச்சுக்கு ஏற்றிவிடலாம். பிசகினால், அடுத்து இயந்திரம் ஓயும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் பள்ளி திறந்து பாடம் பாதி போயிருக்கும்.

"ஏம்மா, இந்த சோப்புக் கம்பெனி உறை என்னாச்சு?" அண்ணன் வாசலில் நின்றே கேட்டான்.

"மாமியார்ல திறந்து வச்சிருக்கேன். ஓடிட்டு இருக்கு."

"ஓடுதா? தவழுதுன்னு சொல்லு. பக்கத்துத் தெருக்காரன் இந்நேரம் அடிச்சுக் கொடுத்து, அவங்க சோப்பைச் சுத்தி வித்தே முடிச்சிருப்பாங்க."

"அவன் கடையில வைரஸ் வந்து ஒரு வாரம் மூடிக் கிடந்ததே, அது ஞாபகம் இல்லையா உனக்கு?"

"அவன் மூடினது ஒரு வாரம். நீ என்னை தினமும் மூடற."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்புக்குறி ஒன்று தவறான திசையில் நின்றது. அதைத் திருப்பிவிட்டாள். போன மாதம் இதே அண்ணன்தான் கல்லா கம்ப்யூட்டரிலிருந்து பொது அலமாரிக்குள் போக முழு உரிமை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். பொது அலமாரி என்பது கடையின் எல்லா வேலைகளும் ஒரே இடத்தில் இருக்கும் பெட்டி, அகராதியும் அதற்குள்தான். கல்லாவிலிருந்து பார்க்க மட்டும் முடிகிற மாதிரி அவள் வைத்திருந்தாள். "என் கடையில எனக்கே பூட்டா?" என்று கேட்டு, அதை எடுக்கவைத்தான். விளக்கினாள், இரண்டு தரம் விளக்கினாள். கொட்டாவி விட்டான்.

தண்ணீர் குடிக்க முன்பக்கம் வந்தபோதுதான் அதைப் பார்த்தாள். கல்லாவுக்கு எதிரே நின்ற ஒரு வாடிக்கையாளர் கையில் ஒரு சின்ன அட்டை. வழவழப்பான தாள், ஓரத்தில் தங்கநிறக் கோடு. எழுத்துகளுக்கு இடையே விட்டிருந்த இடம் கச்சிதமாக இருக்கிறதே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது, தொழில் புத்தி. பிறகுதான் படித்தாள்.

'வாடிக்கையாளர் கவனத்திற்கு. உங்கள் ஃபைல்களை ஜிப் செய்து, பாஸ்வேர்ட் போட்டு மெயிலில் அனுப்பவும்.' அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில், பாஸ்வேர்டே இருந்தது. கடையின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்.

வாடிக்கையாளர் வெளியே போகும்வரை பொறுத்தாள். அது எப்படி முடிந்தது என்பது அவளுக்கே தெரியாது.

"அண்ணி, இது என்ன?"

"கார்டு. நல்லா இருக்குல்ல? நானே டிசைன் பண்ணேன். வெட்டி மிச்சமான ஆர்ட் பேப்பர்லதான் அடிச்சோம், வீண் செலவு இல்ல."

"நான்தான் அடிச்சேன்!" பின்கட்டிலிருந்து சத்தம் பெருமையோடு கத்தினார். "தங்கக் கோடு என் யோசனை!"

"எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க?"

"வந்தவங்களுக்கெல்லாம். ஏன், அடிச்சு வச்சுப் பூஜையா பண்ணுவாங்க?"

தங்கை முன்மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். கோபத்திலும் அவளுக்கு விளக்கத்தான் வந்தது. "அண்ணி, நம்ம மெயிலுக்கு வாசல்ல ஒரு காவல்காரன் வச்சிருக்கேன். வர்ற ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்துட்டுத்தான் உள்ள விடுவான். ஜிப் பண்ணி பாஸ்வேர்ட் போட்டா, அது பூட்டின பெட்டி. அவன்கிட்ட சாவி இல்ல. உள்ள என்ன இருக்குன்னு அவனால பார்க்கவே முடியாது."

"அதான் எனக்கும் வேணும். அவன் பார்க்கக் கூடாது. பார்த்தா பிடுங்கிடறானே!"

"கெட்டதைத்தான் பிடுங்குவான்..."

"நல்லதையும் பிடுங்கறான், தாயே!" அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். "அந்த மருந்துக்கடைக்காரர் மூணு தடவை அனுப்பினார். மூணு தடவையும் வரல. கடைக்கு நேர்ல வந்து எல்லார் முன்னாடியும், 'உங்க கடையில மெயில் பார்க்கத் தெரிஞ்ச ஆள் இல்லையா'ன்னு கேட்டார். நீ எங்க இருந்த? உள்ள கதவைச் சாத்திட்டு அம்புக்குறி போட்டுட்டு இருந்த. நீ பூட்டு போட்டுட்டு உள்ள போய்ட்ட. வெளிய நின்னு திட்டு வாங்கினது நான். ஒரு பையன்தான் வழி சொன்னான், பாஸ்வேர்ட் போட்டு அனுப்பினா தடையில்லாம வருதுன்னு. வருதே! அன்னையிலிருந்து ஒருத்தரும் என்னைத் திட்டல."

காவல்காரனைக் கடுமையாக்கியது அவள்தான். அவன் பிடித்து வைத்த பைகளில் நல்லவை எத்தனை என்று ஒருநாளும் அவள் போய்ப் பார்த்ததில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொன்னேன். நீ கட்டளை, சாயம்னு ஆரம்பிச்ச. ஆள் நின்னுட்டு இருக்கும்போது நான் எங்க பாடம் கேக்கறது?"

"சரி, பூட்டின பெட்டியையாவது மாமியார்லதானே திறந்தீங்க?"

அண்ணி முன்மேசையிலிருந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள். பதில் அதிலேயே இருந்தது.

அப்போது கல்லா கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. இந்த சோப்புக் கம்பெனிக்காரன் திருத்தின உறைன்னு ஒண்ணு அனுப்பியிருக்கான். திறக்கவே மாட்டேங்குது. நானும் க்ளிக் பண்ணிப் பண்ணிப் பார்க்கறேன், ஒண்ணும் வரல."

ஒரு ஃபைல் திறக்கவில்லை என்று யாராவது சொன்னால், இரண்டில் ஒன்றுதான். ஒன்று, அது நிஜமாகவே திறக்கவில்லை. இல்லை, அது ஏற்கெனவே திறந்து, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. காட்டுவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. படம் என்றால் கண்ணுக்குத் தெரியும். கட்டளை எதற்குத் தெரியவேண்டும்?

தங்கை அண்ணனைத் தோளோடு தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தாள். அனுப்பியவர் பெயர் சோப்புக் கம்பெனிதான். போன வாரம் அண்ணி எழுதிய கடிதத்துக்குப் பதிலாகத்தான் வந்திருந்தது. அவள் எழுதியதுகூடக் கீழே அப்படியே இருந்தது. 'திருத்தியது இணைப்பில். பாஸ்வேர்ட் வழக்கம்போல.' சோப்புக் கம்பெனியின் மெயிலுக்குள் எவனோ நுழைந்து உட்கார்ந்து, பழைய கடிதங்களைப் படித்து, இந்தக் கடையின் வழக்கத்தைத் தெரிந்துகொண்டிருக்கிறான். முகம் தெரிந்தவர் போல முகமூடி போட்டு, கடையே கொடுத்த சாவியோடு வந்திருக்கிறான்.

ஃபைலின் பெயர் 'சோப்பு உறை பிடிஎஃப்' என்று தெரிந்தது. பெயரின் கடைசியில், புள்ளிக்குப் பிறகு வரும் துண்டுதான் அது என்ன சாதி என்று சொல்லும்... இல்லை, என்ன இனம் என்று சொல்லும். படமா, எழுத்தா, கட்டளையா என்று. அந்தத் துண்டை மறைத்துவைப்பது கம்ப்யூட்டரின் பிறவிக் குணம். பார்க்கிறவருக்குக் குழப்பம் வேண்டாம் என்ற நல்லெண்ணம். நடுவில் பிடிஎஃப் என்று எழுதிவிட்டு, கடைசியில் கட்டளையின் வாலை வைத்தால், வால் மறைந்து பிடிஎஃப் மட்டும் பல்லை இளிக்கும்.

"திறந்து எவ்வளவு நேரமாச்சு?"

"நீங்க கார்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சப்போ. என்ன ஆச்சு?"

அவள் பொது அலமாரியைத் திறந்தாள். அகராதி, எழுத்துக்கு ஓர் அறையாக வரிசையாக நின்றது. முதல் அறைகளில் ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் ஒரு புது வால் ஒட்டியிருந்தது. வைரஸ் ஒவ்வொரு ஃபைலாக எடுத்து, தன்னிடம் மட்டும் இருக்கும் சாவியால் உள்ளே இருப்பதைக் குழப்பி எழுதி, பெயருக்கு ஒரு வாலை ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், வரிசை தவறாமல், அகர முதல். அவள் பார்க்கப் பார்க்க, 'கை'க்கும் 'கொக்கு'க்கும் வால் முளைத்தது.

முன்மேசைக்கு அடியில் குனிந்தாள். வயர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எது எதற்குப் போகிறது என்று பார்க்க நேரமில்லை. எல்லாக் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கினாள். அதோடு அச்சு இயந்திரத்துக்குத் தகவல் போகும் வழியும் அறுந்தது.

"யாருடா அது லைனைக் கட் பண்ணது?" என்று பின்கட்டிலிருந்து சத்தம் கத்தினார்.

கல்லா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பொது அலமாரியைத் தனியாக ஒரு திரையில் மாட்டி, என்ன மிச்சம் என்று தங்கை பார்த்தாள். உயிரெழுத்துகள் எல்லாம் போயிருந்தன. 'க' வரிசையும் போயிருந்தது. 'ச' தொடங்கி மீதி எல்லாம் பத்திரம்.

நகல் எடுத்துவைக்கும் தனி டிஸ்க் ஒன்று உண்டு. நகல் முடிந்ததும் பிடுங்கி மேசை இழுப்பறையில் வைப்பது அவளே போட்ட விதி. செருகியே இருந்தால் நகலும் அசலோடு சேர்ந்து போகும். புகைப்படங்கள் பெரியவை, முந்தின நாள் நகல் முடியவில்லை. ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று அவள்தான் பொது அலமாரியில் செருகிவிட்டுப் போயிருந்தாள். அதை வைரஸ் முதலிலேயே முழுசாக அழித்திருந்தது. பிடுங்கினாள், கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். யாரையாவது திட்டவேண்டும் போலிருந்தது. திட்டுவதற்குக் கடையில் ஆள் மிச்சமில்லை. தப்பு செய்தவர்களின் வரிசையில் அவளும் நின்றிருந்தாள்.

"என்னென்ன போச்சு?" அண்ணன் மெதுவாகக் கேட்டான்.

"அம்மா, அப்பா, அக்கா, அண்ணன். எல்லாம் 'அ'ல இருக்கு. நீ போய்ட்ட அண்ணா."

"நீ?"

"தங்கை 'த'. தப்பிச்சுட்டேன்."

"மாமியார்?" என்று சத்தம் பின்கட்டு வாசலில் நின்று கேட்டார்.

"அவங்களுக்கு என்ன, பத்திரமா இருக்காங்க" என்றாள் அண்ணி. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சத்தம் மட்டும் கொஞ்சம் சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வைரஸ் ஒவ்வொரு அறையிலும் போட்டுவைத்திருந்த மிரட்டல் கடிதத்தை அண்ணன் திரையில் படித்திருந்தான். "பணம் கொடுத்தா சாவி தர்றேன்னு போட்டிருக்கானே. கொடுத்துத் தொலைச்சிடலாமா?"

"பூட்டினவன் பேச்சை நம்பியா? கொடுத்தா சாவி வரும்னு யார் சொன்னா? கொடுக்கற கடைன்னு பேர் எடுத்தா, மறுபடியும் வருவான்."

டீச்சர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். பேசும்போதே கையும் அசையும் அவளுக்கு, பள்ளிக்கூடப் பழக்கம். தங்கை ஒளிக்காமல் சொன்னாள். நடுவே கட்டளை, சாயம் என்று ஆரம்பித்தவள், தானாகவே நிறுத்தி, "அ-லேர்ந்து க வரைக்கும் போயிடுச்சு டீச்சர்" என்று முடித்தாள்.

டீச்சரின் கைகள் மடியில் விழுந்தன.

"ஃபோட்டோ? என் கேமராவில இல்ல. உங்களுக்கு அனுப்பிட்டு அழிச்சிட்டுத்தான் அடுத்தது எடுப்பேன். பிள்ளைங்க எல்லாம் லீவுக்குப் போய்ட்டாங்க. நான் யார் கையைப் போய்ப் பிடிக்கறது?"

"அனுப்பினது மெயில்ல அப்படியே இருக்கு. மெயில் நம்ம கம்ப்யூட்டர்ல இல்ல, மெயில் கம்பெனிகிட்ட இருக்கு. வைரஸால அங்க போக முடியல. ஃபோட்டோவைத் திரும்ப எடுத்துடலாம். ஆனா பக்கம் கட்டினது, அம்பு போட்டது, நீங்க சொன்ன திருத்தம், எல்லாம் முதல்லேர்ந்து."

"ஒரு வழி இருக்கு" என்றான் அண்ணன். குற்ற உணர்ச்சியில் அவனுக்கு யோசனைகள் வேகமாக வந்தன. "'ச'லேர்ந்து இருக்கறதை இப்ப அடிச்சுடலாம். ரெண்டாம் பாகம்னு போட்டுடலாம். முதல் பாகம் அப்புறம்."

டீச்சர் அவனைப் பார்த்தாள். "பிள்ளை புத்தகத்தைக் கையில வாங்கினதும் முதல்ல எதைத் தேடும் தெரியுமாங்க? அம்மா. அம்மா இல்லாத புத்தகத்தைக் கொடுத்துட்டு, அம்மா அப்புறம் வருவாங்கன்னு நான் எந்தக் கையால சொல்றது?"

அண்ணன் தலை குனிந்தான்.

"பள்ளி திறக்கற அன்னைக்குக் கிடைக்காது. அப்படித்தானே?" என்று அவள் தங்கையிடம் கேட்டாள்.

"கிடைக்காது டீச்சர்."

"சரி. நான் போய்ப் பெற்றோர்கிட்ட சொல்லிக்கறேன்." எழுந்தவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். "திருத்தம் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. தினமும் வந்து உட்கார்றேன். ஆனா தங்கச்சி, இன்னொரு தடவை போச்சுன்னா என்னால முடியாது."

டீச்சர் போனபிறகும் கோபம் தங்கைக்குள் அப்படியே நின்றது. ஆனால் அண்ணி சொன்னதும் கூடவே நின்றது: பூட்டு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். பூட்டு போடுகிறவள் வாசலிலும் நிற்கவேண்டும். வேலையைத் தடுக்கிற பாதுகாப்பை வேலை செய்கிறவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். அதை அட்டை அடித்தும் விளம்பரம் செய்வார்கள்.

"அண்ணா, ஒரு கை பிடி" என்றாள்.

இருவருமாக மாமியாரைத் தூக்கி முன்பக்கம் கொண்டுவந்து, கல்லா கம்ப்யூட்டர் இருந்த இடத்திலேயே வைத்தார்கள். இனி வாடிக்கையாளர் முன்னாலேயே இணைப்பைத் திறப்பது, காவல்காரன் பிடித்துவைத்ததையும் அங்கேயே பார்ப்பது, பார்ப்பது அண்ணி என்று முடிவாயிற்று. கல்லாவிலிருந்து பொது அலமாரிக்கு வழியே கிடையாது.

"எனக்குமா?" என்றான் அண்ணன்.

"உனக்குத்தான் முதல்ல."

அட்டை வாங்கியவர்களை ஃபோனில் கூப்பிட்டு, கிழித்துப் போடுங்கள், பழைய பாஸ்வேர்ட் செல்லாது, எங்களிடமிருந்தோ உங்களிடமிருந்தோ பூட்டின ஃபைல் வந்தால் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டுத் திறக்கலாம் என்று சொல்லும் வேலை அண்ணன் தலையில் விழுந்தது. முதல் ஃபோன் சோப்புக் கம்பெனிக்கு. "உங்க மெயிலுக்குள்ள யாரோ இருக்காங்க சார்" என்று சொன்னதற்கு அவர்கள் அவனைத்தான் திட்டினார்கள். அடுத்தவர் மருந்துக்கடைக்காரர். "இப்பத்தான்யா ஜிப் பண்ணவே கத்துக்கிட்டேன்!" என்று அவர் போட்ட கூச்சல் சத்தத்தையே தோற்கடித்தது. அண்ணன் ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க, தப்புதாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணி அதைக் கொஞ்சம் ஆசையாகவே கேட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கை மாமியார் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீச்சர் அனுப்பிய கடிதங்களில் முதலாவதைத் தேடி எடுத்து, அண்ணியிடம் மவுஸைக் கொடுத்தாள். "நீங்க திறங்க அண்ணி. பெயரோட கடைசியைப் பாருங்க. மறைஞ்சு இருக்காது, இப்ப காட்டச் சொல்லி மாத்திட்டேன்."

அண்ணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். "புள்ளிக்கு அப்புறம் ஜேபிஜி. அதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல. படம்தானே?"

"படம்தான்."

க்ளிக் செய்தாள். மாமியார் யோசித்தது. திரையில் மேலிருந்து ஒவ்வொரு கோடாகப் படம் இறங்கத் தொடங்கியது: முதலில் சுவர், பிறகு ஒரு பிள்ளையின் தலைமுடி, பிறகு நெற்றி. நெற்றியோடு நின்றுவிட்டது.

"இது என்ன இவ்வளவு மெதுவா..." என்று ஃபோனுக்கு இடையில் ஆரம்பித்த அண்ணன், இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்ததும், வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினான்.